கைத்தொலைபேசி வழியே வரும் கல்லெறி: சட்டம் யாருக்குத் துணை?

"சாமி, புள்ள மூனு நாளா சோறு திங்கல. போனப் பாத்துப் பாத்து அழுவுது. கேட்டா ஒன்னும் சொல்லுதில்ல."

மண்சரிவு அபாயத்தினால் பரம்பரையாக இருந்த இடத்தை விட்டெழும்பி, மாத்தளை மாவட்டத்தின் புதிய குடியிருப்பு ஒன்றில் வாழும் தாய் ஒருவர் எமது நிலையத்தின் வாசலில் நின்று சொன்ன வார்த்தைகள் இவை. மகளுக்குப் பதினேழு வயது. உயர்தர வகுப்பில் படிக்கிறாள். பாடசாலை விளையாட்டுப் போட்டியில் எடுத்த படத்திலிருந்து அவளுடைய முகத்தை மட்டும் வெட்டி, வேறொரு பெண்ணின் உடலோடு ஒட்டி, யாரோ அவளுக்கே அனுப்பியிருந்தார்கள். இருபதாயிரம் ரூபா தராவிட்டால் ஊரெல்லாம் பார்க்கும் என்று கீழே ஒரு வரி. தாய் தன் தோட்டை அடகு வைத்துப் பணத்தைக் கட்டினார். இரண்டு கிழமையில் மீண்டும் கேட்டார்கள். இம்முறை கொடுக்க ஒன்றும் இல்லை. குடிநீர் வரும் நேரம், காணிக் கூட்டம் நடக்கும் நாள் என்பவற்றை அறிவிப்பதற்காகக் குடியிருப்பார் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்து விழுந்தது.

அன்று நாம் சொன்ன ஆலோசனையை இங்கு மறைக்காமல் எழுதுகிறோம். "போனை மூடி வை மகளே. கொஞ்ச நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள்" என்றோம். அண்ணன் வெட்கத்தினால் எல்லாச் செய்திகளையும் அழித்துவிட்டான். பின்னர் பொலிஸுக்குப் போனபோது, "ஆதாரம் எங்கே?" என்ற முதற் கேள்விக்கே எம்மிடம் பதில் இருக்கவில்லை. தாயின் வாக்குமூலம் அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டது. அதற்குக் கீழே அவர் கையொப்பமிட்டார். பிள்ளையிடம் கேட்கப்பட்ட இரண்டாவது கேள்வி, "நீ ஏன் படம் கொடுத்தாய்?" என்பதாகும். அவள் யாருக்கும் எந்தப் படமும் கொடுத்திருக்கவில்லை.

இத்தகைய தொந்தரவுக்குச் சட்டத்தின் தண்டனை வேண்டுமா என்ற கேள்வி இப்போது எமது நாட்டில் அடிக்கடி எழுகிறது. வேண்டும் என்பதே எமது பதில். எனினும் எப்படிப்பட்ட சட்டம், அது யாருடைய கையில் என்பதைச் சிந்திக்காமல் வெறுமனே "வேண்டும்" என்று சொல்லி நிறுத்திவிட்டால், நாம் கேட்டு வாங்கிய தடியே நாளை எமது முதுகில் விழும். அது ஏன் என்பதை உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

வெறும் பேச்சுத்தானே?

"போனில் வருவது காற்றோடு போகும் பேச்சு. அதற்கெல்லாம் கோர்ட்டுக்குப் போவதா?" என்று கேட்கும் பெரியவர்கள் எம்மிடையே உண்டு. அவர்கள் பீலியடியில் நடந்த வம்பை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். பீலியடியில் ஒருவர் அவதூறு சொன்னால் சொன்னவர் யார் என்பது தெரியும். மறுநாள் அவர் முகத்தைப் பார்த்து நியாயம் கேட்கலாம். ஊர்ப் பெரியவர் நால்வர் கூடித் தீர்க்கலாம். கைத்தொலைபேசியில் வரும் அவதூறுக்கு முகமில்லை. அது ஒரு குடியிருப்போடு நிற்பதுமில்லை. கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணனுக்கும், வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் அக்காவுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேருகிறது. அழித்த பின்னும் யாரோ ஒருவருடைய தொலைபேசியில் கிடந்து, கல்யாணம் பேசும் நேரத்தில் மீண்டும் எழும்பி வருகிறது.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்தக் காயம் இன்னும் ஆழமானது. பழைய ஊரில் "இவள் இன்னாருடைய பேத்தி, இப்படிச் செய்யமாட்டாள்" என்று சொல்ல நாலு வீடு இருந்தது. புதிய இடத்தில் பக்கத்து வீட்டார்கூடப் புதியவர். மிளகுக் கொடியையும் கோப்பிச் செடியையும் விட்டுவிட்டு வந்தவர்கள் தம்மோடு கொண்டுவந்த சொத்து தங்கள் பெயர் ஒன்றே. அதன் மீது சேறு வீசுவதைச் சின்ன விடயம் என்று எப்படிச் சொல்வது?

இந்தச் சொற்கள் காற்றோடு போவதில்லை என்பதை எமது அயலில் கண்ணால் கண்டோம். 2018 மார்ச் மாதத்தில் திகனையில் தொடங்கிய முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்முறை, மாத்தளைக்கு வரும் ஏ-9 வீதியில் உள்ள அக்குறணை வரை பரவியது. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அதற்கு முன்னரும் அந்த நாட்களிலும் முகநூலில் வெறுப்புப் பேச்சுகள் பெருகியிருந்தன. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, சமூக ஊடகங்களையும் சில நாட்கள் தடைசெய்தது. அந்த வன்முறையில் தமது தளம் தவறாகப் பயன்பட்டதற்கு முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைகளுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த மன்னிப்பு அது.

சட்டம் இல்லாமலா இருக்கிறது?

இதற்கெல்லாம் சட்டமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தினால் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, சொல்லாலும் செயலாலும் செய்யப்படும் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. அதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. பயமுறுத்திப் பணம் பறிப்பதும், உயிருக்கோ மானத்துக்கோ கேடு செய்வதாக மிரட்டுவதும் அதே சட்டக்கோவையின்படி நீண்ட காலமாகவே குற்றங்கள். பிறருடைய கணக்கினுள் அனுமதியின்றி நுழைவதைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது.

குறைகளும் உண்டு. உதாரணமாக, 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் படம் ஆபாசமானதா என்றுதான் கேட்கிறது. படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா என்று கேட்பதில்லை. இதனால் கணவனுக்கோ காதலனுக்கோ நம்பிக்கையோடு ஒரு படத்தை அனுப்பிய பெண், தானும் குற்றவாளியாக்கப்படுவேனோ என்று அஞ்சிப் பொலிஸுக்குப் போகாமல் இருந்துவிடுகிறாள். நம்பிக்கையைக் காட்டிக்கொடுத்தவன் தப்பிக்கொள்கிறான்.

ஆயினும் பெரிய குறை சட்டப் புத்தகத்தில் இல்லை. சட்டத்துக்குப் போகும் பாதையில் இருக்கிறது. 2016 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறு உடலோடு ஒட்டி முகநூலில் போட்டார்கள். பெற்றோர் பொலிஸில் முறையிட்டார்கள். இந்தியாவில் அப்போதே அதற்குச் சட்டம் இருந்தது. நடவடிக்கை மட்டும் வரவில்லை. அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். தாமதத்துக்காக மாவட்டப் பொலிஸ் தலைவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். மகளை இழந்த வீட்டில் அந்த மன்னிப்பை வைத்து என்ன செய்வது?

தடியின் மறுமுனை

இனி, இதன் மறுபக்கத்தையும் பார்ப்போம். கடுமையான சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்போர் கட்டுகஸ்தோட்டையில் நடந்ததைக் கேட்க வேண்டும்.

ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தரான றம்சி ராசிக், இனவாதத்துக்கு எதிராக முகநூலில் சிங்களத்தில் எழுதிவந்தவர். 2020 ஏப்ரலில், பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு ஒரு சிந்தனைப் போராட்டம் வேண்டும் என்று எழுதினார். உடனே அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் பாதுகாப்புக் கேட்டுப் பொலிஸில் முறையிட்டார். ஏப்ரல் 9ஆம் திகதி கைது செய்யப்பட்டவர் யார் தெரியுமா? மிரட்டியவர்கள் அல்லர், முறையிட்ட அவரேதான். குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் கீழ் ஐந்து மாதங்களுக்கு மேல் அவர் அடைக்கப்பட்டிருந்தார். அந்தக் கைது சட்டவிரோதமானது என உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்து, அவருக்குப் பத்து இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கப் பணித்தது.

அந்தச் சட்டம் 2007இல் மனித உரிமைகளைக் காப்பதற்கென்றே இயற்றப்பட்டது. சிறுபான்மையினரை வெறுப்புப் பேச்சிலிருந்து பாதுகாக்கும் என்று நம்பப்பட்டது. அதே சட்டத்தின் கீழ்த்தான் 2019 மே மாதத்தில் கண்டி மாவட்டத்தின் ஹசலகவில், கப்பற் சுக்கானின் படம் பொறித்த ஆடை அணிந்த ஒரு முஸ்லிம் பெண்மணி, அது தர்மச்சக்கரம் என்று கூறிக் கைது செய்யப்பட்டு, இரண்டு வாரங்களுக்கு மேல் மறியலில் வைக்கப்பட்டார்.

அயல்நாட்டு அனுபவமும் இதுவே. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்றொரு பிரிவு இருந்தது. மனத்தைப் புண்படுத்தும் செய்தியை அனுப்பினால் தண்டனை என்றது அது. 2012இல் ஓர் அரசியல் தலைவரின் மறைவுக்காக மும்பாய் நகரம் மூடப்பட்டதைக் குறித்து முகநூலில் ஒரு கருத்து எழுதிய இளம்பெண்ணும், அதற்கு விருப்பம் தெரிவித்த அவளது தோழியும் கைதாகினர். "புண்படுத்தும்" என்ற சொல்லுக்கு எல்லையே இல்லை என்பதைக் கண்ட இந்திய உச்ச நீதிமன்றம், 2015 மார்ச் 24ஆம் திகதி அப்பிரிவை முற்றாக நீக்கியது.

2024ஆம் ஆண்டின் சட்டம்

இந்தப் பின்னணியில்தான் எமது பாராளுமன்றம் 2024 ஜனவரி 24ஆம் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அது. பெண்களையும் பிள்ளைகளையும் காப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. ஒருவரின் தனிப்பட்ட விபரங்களையும் படங்களையும் வெளியிட்டு அவரைத் தொந்தரவு செய்வோருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை என்று அதில் ஒரு பிரிவு உண்டு. எமது குடியிருப்புப் பிள்ளைக்கு அது தேவையான பிரிவுதான். அதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் அந்த நல்ல பிரிவு, வேறு பல பிரிவுகளோடு ஒரே மூட்டையில் கட்டப்பட்டு வந்தது. எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கவும், அதை 24 மணித்தியாலத்துக்குள் நீக்குமாறு பணிக்கவும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு அச்சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டில், சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையும் 2024 மார்ச்சில் விவாதிக்கப்பட்டுத் தோற்கடிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆட்சியும் மாறியது. சட்டத்தைத் திருத்துவது பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

இதில் எமக்கு என்ன என்று கேட்காதீர்கள். எமது பகுதியில் ஒரு விவசாயி, நட்டஈட்டுப் பட்டியலில் பாதிக்கப்படாத சிலரின் பெயர்கள் இருப்பதாகவும், பாதிக்கப்பட்ட தமது பெயர் விடுபட்டிருப்பதாகவும் முகநூலில் எழுதினார். மறுநாளே அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. "உத்தியோகத்தரைத் தொந்தரவு செய்கிறாய். புதுச் சட்டத்தில் உன்னை உள்ளே போடலாம்" என்றது குரல். எந்தப் பிரிவு, என்ன குற்றம் என்று கேட்க அவருக்குத் தெரியவில்லை. எழுதியதை அழித்துவிட்டார். பட்டியல் அப்படியே இருந்தது.

ஆகவே அன்புக்குரியோரே, நாம் இந்தச் சட்டத்தின் இரு பக்கத்திலும் நிற்கிறோம். தொந்தரவுக்கு ஆளான பிள்ளையின் தகப்பனும் நாமே. நட்டஈட்டுக்காகக் குரல் கொடுத்து வாயடைக்கப்படும் விவசாயியும் நாமே. அணைக்காகவும், மண்சரிவினாலும், கலவரத்தினாலும் எழும்பிய எமக்கு அதிகாரிகளிடம் கேள்வி கேட்கும் உரிமை, வீட்டுக்குக் கூரை போன்றது. பிள்ளையின் மானத்தைக் காக்கிறோம் என்று சொல்லிக் கூரையைப் பிடுங்க விடக்கூடாது.

நாம் கேட்கும் சட்டம்

முதலாவது, தண்டனை செயலுக்கே இருக்க வேண்டும். மிரட்டுதல், பணம் பறித்தல், சம்மதமின்றி அந்தரங்கப் படத்தை வெளியிடுதல், பொய்ப் படம் செய்தல், வேண்டாம் என்ற பின்னும் விடாமல் பின்தொடருதல் ஆகிய இவற்றைத் தெளிவாகப் பெயர் சொல்லிக் குற்றமாக்க வேண்டும். "பொய்", "அவமதிப்பு", "மனம் புண்படுதல்" என்ற அளவில்லாச் சொற்கள் அதில் இருக்கக்கூடாது. குற்றவியல் அவதூறுச் சட்டம் பத்திரிகையாளர்களை அடக்கப் பயன்பட்டது என்பதனாலேயே 2002இல் அது நீக்கப்பட்டது. வாசலால் அனுப்பியதை யன்னலால் உள்ளே அழைக்க வேண்டாம்.

இரண்டாவது, பதவியில் இருப்பவர் தமது கடமை பற்றி எழுந்த விமர்சனத்தைத் தொந்தரவு என்று சொல்லி இச்சட்டத்தைக் கையிலெடுக்க இடமிருக்கக்கூடாது. அவருடைய பிள்ளையின் படத்தைப் போட்டு மிரட்டினால் அது குற்றம். அவர் தயாரித்த பட்டியலைக் கேள்வி கேட்டால் அது குடிமகனின் கடமை. இந்த இரண்டையும் பிரித்தறிவது அவ்வளவு கடினமல்ல.

மூன்றாவது, தீர்ப்பு நீதவானிடம் இருக்க வேண்டும். ஆட்சியாளர் நியமிக்கும் எவரிடமும் அல்ல. படத்தை நீக்கவும், மிரட்டுபவன் நெருங்காமல் தடுக்கவும் நீதவான் உடனே கட்டளையிட வழி வேண்டும். பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு முதலில் வேண்டியது இதுதான். சிறைத்தண்டனை அதற்குப் பின்னர் வருவது.

நான்காவது, மொழி. அரசியலமைப்பின்படி தமிழும் அரசகரும மொழியே. தமிழில் முறையிடும் தாயின் வாக்குமூலம் தமிழில் எழுதப்பட்டு, அவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். இது சலுகை அல்ல. இது நடைபெறாத வரையில், எந்தச் சட்டம் வந்தாலும் அது எமது குடியிருப்புக்கு வந்து சேராது.

இன்னுமொரு விடயம். குற்றம் செய்தவன் பெரும்பாலும் எங்கோ இருக்கும் அந்நியன் அல்ல. மேலே சொன்ன பிள்ளையின் விடயத்தில் அவன் இரண்டு வரிசை தள்ளியிருந்த வீட்டு இளைஞன். பணம் அனுப்பிய இலக்கத்தைக் கொண்டு ஒரு சட்டத்தரணியின் உதவியோடு அது தெரியவந்தது. உடனே சிலர், "இருவரையும் சேர்த்து வைத்துவிடுவோம்" என்றார்கள். வேறு சிலர், காணித் தகராறு போல மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கலாம் என்றார்கள். வேலிச் சண்டைக்கும் கடனுக்கும் மத்தியஸ்தம் நல்ல வழி. மிரட்டியவனுக்கு எதிரே மிரட்டப்பட்டவளை உட்காரவைத்துச் சமாதானம் கேட்பது இரண்டாவது கல்லெறி. அவனுக்குத் திருந்தும் வாய்ப்பு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாய்ப்பின் விலையை அவள் கட்டக்கூடாது.

இன்றே செய்யக்கூடியவை

சட்டம் திருந்தும் வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. எமது தவறிலிருந்து நாம் கற்றவற்றைச் சொல்கிறோம்.

எதையும் அழிக்காதீர்கள். வந்த செய்தியையும் படத்தையும், அனுப்பிய இலக்கமும் திகதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படம்பிடித்து வையுங்கள். பணம் கட்டாதீர்கள், ஒருமுறை கட்டினால் மறுமுறை கேட்பான். கட்டிவிட்டால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பொலிஸுக்குத் தனியே போகாதீர்கள்; இரு மொழியும் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எதிலும் கையொப்பமிடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் விடயத்தில் 1929 என்ற இலக்கத்துக்கும், பெண்கள் விடயத்தில் 1938 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அப்படியொரு படம் வந்து விழுந்தால், அதை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். அன்று அந்தப் படத்தைப் போட்டவன் ஒருவன். அதை மற்றவர்களுக்கு அனுப்பியவர்களோ பலர். அவர்களில் ஒருவரும் தம்மைக் குற்றவாளி என்று நினைக்கவில்லை.

அந்தப் பிள்ளை ஒரு தவணை முழுவதும் பாடசாலைக்குப் போகவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. இப்போது வேறொரு பாடசாலையில், ஒரு வருடம் பின்தங்கிப் படிக்கிறாள். காலையில் பஸ் ஏறும்போது எம்மைக் கண்டால் தலையசைப்பாள். "போனை மூடி வை மகளே" என்று நாம் சொன்னதை அவள் மறந்திருக்கலாம். நாம் மறக்கவில்லை. தலைகுனிய வேண்டியவள் அவள் அல்ல என்பதை முதலில் நாம் ஏற்றுக்கொள்வோம்; பிறகு சட்டத்திடம் கேட்போம்.